பதிற் கடமை

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை வரைகின்றார் எனின், அது சங்கச் செய்யுளின் நயம் பற்றியதாகவோ, நாவலர் வளர்த்த வசனநடை பற்றியதாகவோ, வேறொன்றும் அகப்படாவிடின் ஒற்றுப்பிழை பற்றியதாகவோ இருக்கும் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. மலர்க் குழுவின் செயலாளரும் அவ்வாறே எதிர்பார்த்தார். நாம் கணினியிற் பூட்டப்படும் வன்தட்டுக்களைப் பற்றி எழுதப் போகின்றோம் என்றதும், அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அது கணித ஆசிரியரின் வேலை அல்லவா?" என்று வினவினார். கணித ஆசிரியருக்கு விழாவின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் வேலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளது. அவரை அதிலிருந்து பிரிப்பது விழாவுக்கு நன்றன்று.

எம்மிடம் இப்பொருள் வந்து சேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. கல்லூரியின் ஆவணக் காப்பறை சில ஆண்டுகளாக எம் பொறுப்பில் இருக்கின்றது. எமக்குக் கிடைத்த பழைய சஞ்சிகைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், விளையாட்டுக் குழுக்களின் நிழற்படங்கள், விடுதிச்சாலைக் கணக்கேடுகள் என்பன மின்வருடியின் வழியாகப் படங்களாக்கப்பட்டு ஒரு சேவரிற் சேமிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றின் மூலத்தாள்கள் இன்று கல்லூரியில் இல்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அலுமாரிகளில் விட்டுச் செல்லப்பட்டவை, மக்கள் மீண்டு வந்தபோது அங்கிருக்கவில்லை. பின்னர் நாம் சேர்த்தவை பெரும்பாலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவரின் குடும்பங்களிடம் இரவலாகப் பெற்று, வருடி, உரியவரிடம் மீள ஒப்படைத்தவையே. ஆகலின் அந்தச் சேவரில் உள்ள படங்கள்தாம் கல்லூரியைப் பொறுத்தவரை மூலம்.

பழைய மாணவர் சங்கம் அன்பளித்த அச்சேவரில் ஐந்து வன்தட்டுக்கள் உள. ஒவ்வொன்றும் 2 ரெராபைற்றுக் கொள்ளளவு உடையது. நான்கு தட்டுக்கள் இரவு பகலாக உழைக்கின்றன. ஐந்தாவது சும்மா இருக்கின்றது. காப்பறையைப் பார்க்க வந்த பத்தாந்தர மாணவன் ஒருவன், "ஐந்தாவதுக்குள்ளை என்ன சேர் இருக்கு?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றோம். அவன் நம்பவில்லை. ஏனைய நான்கில் உள்ளவற்றின் பிரதி அதில் இருக்கவேண்டும், இல்லையேல் எதற்காகப் பூட்டி வைத்திருக்கின்றீர்கள் என்று வாதாடினான். மாணவனை மட்டும் சொல்வானேன்? அத்தட்டுக்குப் பணம் தந்த பெரியோரிற் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். இக்கட்டுரை அவ்வினாவுக்குச் சற்று விரிவான விடை.

பதில் ஆசிரியரை அறியாதார் இக்கல்லூரியில் எவரும் இலர். வகுப்பாசிரியர் வராத நாளில் அதிபர் அனுப்பும் பதில் ஆசிரியர், முதல் நாட் பாடம் எதுவரை சென்றது என்பதை அறியார். வெறுங்கையுடனேயே வகுப்பினுள் நுழைகின்றார். முன்வரிசையில் ஒருவனின் கொப்பியையும் பின்வரிசையில் இருவரின் கொப்பிகளையும் வாங்கிப் பார்த்து, பாடம் நின்ற இடத்தை அறிந்துகொண்டு, அங்கிருந்து தொடங்குகின்றார். பாடம் மீண்டது எஞ்சியிருந்தோரிடமிருந்து. அவர் கொண்டுவந்தது தம்மை மட்டுமே. ஐந்தாவது தட்டின் கடமையும் இத்தகையதே. ஆங்கிலத்தில் இதனை 'ஹொட் ஸ்பெயர்' என்பர். மோட்டார் வண்டியின் ஸ்பெயர் ரயரை எவரேனும் எடுத்து மாட்டவேண்டும். இதுவோ முன்னரே மாட்டப்பட்டு, மின்னூட்டப்பட்டு, மனிதக் கையை எதிர்பாராது காத்திருக்கின்றது. நாம் இதனைக் காத்திருப்புத் தட்டு என்று வழங்குவோம். தட்டுக்களை எல்லாம் கண்காணித்து, எது வாழ்கின்றது எது மாய்ந்தது எனத் தீர்மானித்து, வேலையைப் பகிர்ந்தளிக்கும் கருவிக்குக் கொன்ட்ரோலர் என்று பெயர், கட்டுப்படுத்தி என்போம். இவ்வேற்பாடு முழுவதுக்கும் றெயிட் என்று பெயர்.

இனி, எஞ்சிய மூன்று தட்டுக்கள் மாய்ந்த ஒன்றின் உள்ளடக்கத்தை எங்ஙனம் அறியும் என்பதே வினா. கணினி எல்லாவற்றையும் 1, 0 என்னும் இரு குறிகளாலேயே எழுதும். மூன்று தட்டுக்களில் ஒரே நிரையில் 1, 0, 1 என்பன எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். நான்காவது தட்டில் அந்நிரைக்குரிய ஈட்டெண் எழுதப்படும். நிரை முழுவதிலும் உள்ள ஒன்றுகளின் தொகை இரட்டையாக இருத்தல் வேண்டும் என்பதே விதி. மேற்காட்டிய நிரையில் ஒன்றுகள் இரண்டு, ஏற்கெனவே இரட்டை, ஆகவே ஈட்டெண் 0. மூன்றிலும் 1 இருந்திருப்பின் ஈட்டெண்ணும் 1 ஆகும். இப்பொழுது இரண்டாவது தட்டு மாய்ந்தது என்க. எம்மிடம் இருப்பன 1, வெறுமை, 1, ஈட்டெண் 0. இரட்டையாதற்கு வெறுமையில் இருந்தது 0 ஆகவே இருத்தல் வேண்டும். ஐயத்துக்கு இடமே இல்லை. இச்சிறு கணக்கைக் கோடி கோடி முறை செய்து, வரும் விடைகளைக் காத்திருப்புத் தட்டில் வரிசையாக எழுதிச் செல்வதே மீள்கட்டல். ஈட்டெண்கள் ஒரே தட்டிற் குவியாது நிரைதோறும் தட்டு மாறி எழுதப்படும் என்பது மட்டும் மேலதிகச் செய்தி. எமது சேவரில் நான்கு தட்டுக்களும் முறை வைத்து அச்சுமையைச் சுமக்கின்றன.

தமிழ் கற்றோருக்கு இஃது அத்துணைப் புதிதன்று. அந்தாதியில் ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகின்றது. ஏட்டின் ஓரத்தைச் செல்லரித்து ஒரு பாட்டின் இறுதிச் சொல் மறைந்துவிட்டாலும் அடுத்த பாட்டின் தலையைப் பார்த்து அதனை மீட்டுவிடலாம். ஈறும் தலையும் ஒருங்கே அழிந்தால் அந்தாதித் தொடை கைகொடாது. பின்னர் எதுகையையும் சீரையும் வைத்துக்கொண்டு ஊகிக்கவேண்டியதே. அவை இன்ன சொல்லாகலாம் எனச் சுட்டுமன்றி இன்ன சொல்லே எனத் துணிந்து கூறமாட்டா. பண்டிதர்கள் சண்டையிடும் இடமும் அதுவே. ஈட்டெண்ணுக்கும் இவ்வெல்லை உண்டு. ஒரு நிரையில் ஒன்று மறைந்தால் உறுதியாக மீட்கும். இரண்டு மறைந்தால் ஊகிக்கவும் இயலாது வாளாவிருக்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது கையாண்ட முறை வேறு. அது முழுச் சுவடிகள் பலவற்றை வைத்து ஒப்புநோக்குவது. றெயிட்டிலும் அவ்வாறு முழுப் பிரதி வைக்கும் வகை உண்டு. அதற்குத் தட்டுக்கள் இருமடங்கு வேண்டும். ஈட்டெண் முறையோ மூன்று தட்டின் செல்வத்தை நான்காவது ஒன்றைக் கொண்டு காக்கும் சிக்கன முறை.

இவ்வெண்ணம் 1978ஆம் ஆண்டிலேயே ஐ. பி. எம். நிறுவனத்தின் நோர்மன் கென் ஊச்சி பெற்ற காப்புரிமையிற் காணப்படுகின்றது. ஆயினும் றெயிட் என்ற பெயரை உலகறியச் செய்தது, கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தினரான டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை. விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுக்கள் பலவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்தம் வாதம். அதில் உள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு தட்டின் சராசரி ஆயுள் 30,000 மணித்தியாலம் எனின், அத்தகைய நூறு தட்டுக்களை ஒருங்கே ஓட்டும்போது ஏதேனும் ஒன்று பழுதாவதற்குச் சராசரியாக 300 மணித்தியாலமே செல்லும். அஃது இரு வாரத்துக்கும் குறைவு. தலைகள் பல எனின் தலைவலியும் பல. பெயரிலிருந்த 'மலிவான' என்னும் சொல்லைப் பின்வந்தோர் 'தனித்தனியான' என மாற்றிவிட்டனர். தம் பண்டத்தை மலிவு என்று சொல்லி விற்க எந்த வணிகர்தாம் விரும்புவர்?

அக்கட்டுரையின் கணக்கில் எம் சிந்தையைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ஈட்டெண் முறையில் தட்டுக் கூட்டம் தரவை இழக்காது வாழும் காலம், ஒரு தட்டின் ஆயுளின் வர்க்கத்தோடு கூடுகின்றது. பழுதைத் திருத்தச் செல்லும் நேரத்தால் வகுபடுகின்றது. அதாவது, திருத்தும் நேரம் இருமடங்கானாற் காப்பு அரைமடங்காகும். ஒரு தட்டு மாய்ந்த கணத்திலிருந்து மீள்கட்டல் முடியும் கணம் வரை கூட்டம் காப்பின்றி நிற்கின்றது. அவ்விடைவெளியில் இன்னொன்று மாய்ந்தால் எல்லாம் போயிற்று. காத்திருப்புத் தட்டு அவ்விடைவெளியைச் சுருக்குவதற்காக வைக்கப்பட்டது. ஒருவர் வந்து, விளக்கைக் கண்டு, கடைக்கு எழுதி, புதியது வந்து சேர்ந்து பூட்டப்படும்வரை செல்லும் நாட்களை அது இல்லாமற் செய்கின்றது.

ஒரு தட்டு மாய்ந்துவிட்டது என்பதைக் கட்டுப்படுத்தி எங்ஙனம் துணிகின்றது? வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் முறையே இங்கும். பெயர் கூப்பிட்டு விடை வராவிடின் ஆசிரியர் மீண்டும் கூப்பிடுவார். பின்னர் 'வரவில்லை' எனக் குறிப்பார். ஆனால் வன்தட்டுக்களின் குணம் சற்றுச் சிக்கலானது. ஓரிடத்தை வாசிக்க இயலாதபோது தட்டுத் தானே திரும்பத் திரும்ப முயலும். வீட்டுக் கணினிக்கெனச் செய்யப்பட்ட தட்டு இம்முயற்சியில் ஒரு நிமிடத்துக்கு மேலும் செலவிடக்கூடும். வேறு துணை இல்லாதவிடத்து அது தக்கதே. றெயிட்டுக்கெனச் செய்யப்பட்ட தட்டோ ஏறத்தாழ 7 வினாடியில் முயற்சியைக் கைவிட்டு, இவ்விடம் வாசிக்க முடியவில்லை என அறிவித்துவிடும். கட்டுப்படுத்தி அவ்விடத்தை மட்டும் ஏனைய தட்டுக்களிலிருந்து கணித்து மீள எழுதுவிக்கும். விலை குறைவென்று முன்னைய வகைத் தட்டை வாங்கிப் பூட்டினால், அது முயன்று கொண்டிருக்கும்போதே கட்டுப்படுத்தி பொறுமையிழந்து அதனைக் கூட்டத்திலிருந்து நீக்கிவிடலாம். நீக்கப்பட்டது பிறகு விழித்தெழுந்தாலும் அவ்வாறே திரும்பச் சேர்த்தல் ஆகாது. அதற்கிடையில் ஏனைய தட்டுக்களிற் புதிய எழுத்துக்கள் ஏறியிருக்கும். அதனிடம் இருப்பது பழங்கதை.

சில வேளைகளிற் சாவு முன்னறிவித்து வரும். தட்டுத் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதிற் கேடான அறிகுறி தோன்றினால், தட்டு உயிருடன் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தை நேராகக் காத்திருப்புத் தட்டுக்குப் பிரதி செய்யும் கட்டுப்படுத்திகளும் உள. அதுவே மிக நல்ல முறை. ஏனெனில் அப்போது ஈட்டெண் காப்பு குலையாது நிற்கின்றது. எனினும் அவ்வறிகுறிகளை முற்றாக நம்பியிருத்தல் ஆகாது. கூகிள் நிறுவனத்தார் தம் தட்டுக்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான தட்டுக்களுள் நூற்றுக்கு 56க்கு மேற்பட்டவை தலையாய நான்கு அறிகுறிகளுள் ஒன்றையேனும் காட்டியிருக்கவில்லை எனக் கண்டனர்.

நிற்க. 2022ஆம் ஆண்டு பங்குனி மாதம் 30ஆந் திகதி, புதன்கிழமை. நாட்டின் அன்றைய நிலையை வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பரீட்சைத் தாளுக்குக் கடதாசி இல்லை. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. அன்று காலை முதற் பாடவேளை முடிந்து காப்பறைக்குச் சென்றபோது சேவர் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. மூன்றாவது தட்டின் விளக்குச் செம்மஞ்சளாக எரிந்தது. கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவிற் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "சேர், ஒண்டிலையும் கை வையாதேங்கோ. ஸ்பெயர் ஏற்கனவே எடுத்திட்டுது. வேலை நடக்குது" என்றார். கட்டுப்படுத்தியின் திரையிலும் அவ்வாறே இருந்தது: மூன்றாவது நீக்கப்பட்டது, ஐந்தாவது கடமை ஏற்றது, மீள்கட்டல் நூற்றுக்கு 4. நாம் காப்பறைக்குப் போகுமுன்னரே, எவரும் கட்டளையிடாமலே, அது தொடங்கியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2 ரெராபைற்று என்பது இருபது இலட்சம் மெகாபைற்று. வினாடிக்கு 100 மெகாபைற்று வீதம் எழுதினாலும் 20,000 வினாடி, அதாவது ஐந்தரை மணித்தியாலத்துக்கும் சற்று மேல் வேண்டும். அதுவும் கட்டுப்படுத்தி வேறு வேலை எதையும் செய்யாதிருந்தால் மட்டுமே. பல கட்டுப்படுத்திகள் தம் ஆற்றலில் நூற்றுக்கு முப்பது பங்கையே மீள்கட்டலுக்கு ஒதுக்கி, எஞ்சியதைப் பயன்படுத்துவோருக்கு வைத்திருக்கும். எமதும் அவ்வாறே இருந்தது. நண்பர் சொல்லச் சொல்ல அப்பங்கை உயர்த்தினோம். காப்பறையின் கணினிகளை எல்லாம் சேவரிலிருந்து துண்டித்தோம். மலருக்குப் படம் தேடி வந்த இருவரையும் திருப்பி அனுப்பினோம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எம்மை வாட்டியது மின்சாரம். சேவருக்கு உரிய யூ. பீ. எஸ். இருபது நிமிடமே தாங்கும். கல்லூரியின் மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. ஆகவே ஒவ்வொரு மின்வெட்டுக்கும் முன்னர் சேவரை முறைப்படி நிறுத்தி, மின் வந்தபின் மீளத் தொடக்கினோம். நல்ல வேளையாக, மீள்கட்டல் எங்கே நின்றது என்பதைக் கட்டுப்படுத்தி குறித்து வைத்திருந்தது; ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அடுத்த நாள், 31ஆந் திகதி, நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு என அறிவித்தனர். ஐந்தரை மணி நேர வேலை மூன்று நாட்களைத் தொட்டு நீண்டது. தட்டுக்கள் நான்கும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கப்பட்டவை. ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்தவை ஒன்றையொன்று தொடர்ந்து நோயுறும் என்பது ஆராய்ந்தோர் கண்ட உண்மை. பியாங்கா ஷ்ரோடரும் முன்னர்க் கூறிய கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஓர் இலட்சம் தட்டுக்களை ஆராய்ந்து 2007இல் எழுதியதில், தட்டுப் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிகழ்வதில்லை எனக் காட்டினர். மாற்றுத் தட்டு வாங்குவோம் என்றாலும் அந்நாளில் இறக்குமதிக்கு டொலர் இல்லை. கேட்ட கடைகள் எல்லாம் கையை விரித்தன. காத்திருப்புத் தட்டு மட்டும் இல்லாதிருப்பின் எமது கூட்டம் வாரக்கணக்கிற் காப்பின்றி நின்றிருக்கும்.

அப்பொழுது எம் நெஞ்சில் இருந்தது ஒரு கட்டுப் படங்கள். சேவரில் உள்ளவற்றை மாத இறுதியில் வெளித்தட்டு ஒன்றிற் பிரதி செய்து வேறிடத்தில் வைப்பது வழக்கம். மாசி முடிய இருந்தவை அவ்வாறு காப்பில் இருந்தன. பங்குனியில் வருடியவை மட்டும் சேவரில் மாத்திரம் இருந்தன. அவை ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் அல்பங்கள். மூலங்களை அவர்கள் மீளக் கொண்டு சென்றுவிட்டனர். அவசர அவசரமாக அவற்றை மட்டும் வெளியே பிரதி செய்யலாமா என்று நண்பரைக் கேட்டோம். செய்யலாம், சிறிதுதானே, முதலில் அதைச் செய்யுங்கள் என்றார். அதுவே செய்தோம். அந்தக் கட்டின் நூற்றுக்கு மேற்பட்ட கோப்புக்களுள் ஒன்று மட்டும் பிரதியாக மறுத்தது.

மீள்கட்டல் வெள்ளிக்கிழமை விடியப்புறம் 2.40க்கு முடிந்தது. குறிப்பேட்டைப் பார்த்தபோது, நூற்றுக்கு 83இல் முதலாம் தட்டில் ஓரிடம் வாசிக்கப்படவில்லை என்று பதிவாகியிருந்தது. ஆண்டு முழுவதும் கட்டுப்படுத்தி இடையிடையே தட்டுக்களைச் சுற்றிப் பார்த்து, காத்திருப்புத் தட்டையும் விடாது, கேடான இடங்களைத் தேடும். மாசிச் சுற்றில் அவ்விடம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பின் கெட்டிருக்கவேண்டும். மூன்றாவது தட்டு உயிரோடிருந்தால் அஃது ஒரு பொருட்டன்று, கணித்து நிரப்பியிருக்கலாம். ஈறும் தலையும் ஒருங்கே அழிந்த அந்தாதியைப் போல, அந்நிரையில் இரண்டு மறைந்துவிட்டன. கட்டுப்படுத்தி அவ்விடத்தைத் துளையெனக் குறித்துவிட்டு மேலே சென்றிருந்தது. சாதாரண தட்டுக்களுக்கு அவற்றைச் செய்வோர் கூறும் எல்லை, 12.5 ரெராபைற்று வாசிப்புக்கு வாசிக்க முடியாத இடம் ஒன்று என்பது. நான்கு தட்டுக் கூட்டமொன்றை மீளக்கட்ட மூன்று தட்டுக்களை முழுவதும், அதாவது 6 ரெராபைற்றை வாசிக்கவேண்டும். தட்டுக்கள் பெரிதாகப் பெரிதாக இவ்விடர் வளர்கின்றது. அதனாலேயே இரண்டு ஈட்டெண் வைக்கும் முறையைப் பலரும் இன்று மேற்கொள்கின்றனர். பெருநிலையங்களில் இன்னொரு முறையும் வந்துள்ளது. அங்கே சும்மா இருக்கும் தட்டென ஒன்றை வைக்காது, காத்திருப்பு இடத்தை எல்லாத் தட்டுக்களிலும் சிறிது சிறிதாகப் பரப்பி வைப்பர். மீள்கட்டலின்போது எல்லாத் தட்டும் வாசிக்கும், எல்லாத் தட்டும் எழுதும்; ஒரு தட்டின் எழுதும் வேகத்துக்காக ஏனையவை காத்திரா. 2021இல் வெளிவந்த ஓப்பன் செட்எவ்எஸ் மென்பொருளின் 2.1 பதிப்பில் இம்முறை சேர்க்கப்பட்டது. ஐந்து தட்டுக்காரராகிய எமக்கு அது எட்டாத கனி.

ஆடி மாதத்தில் ஒருவாறு புதிய தட்டு வந்து சேர்ந்தது. மூன்றாவது இடத்திற் பூட்டியதும், கட்டுப்படுத்தி காத்திருப்புத் தட்டில் இருந்தவற்றை அதற்குப் பிரதி செய்து, பின்னர்க் காத்திருப்புத் தட்டைப் பழைய நிலைக்கு விடுவித்தது. பதில் அதிபர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தம் வகுப்புக்குத் திரும்புவதை எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம்; அதற்கு ஒரு பிரியாவிடைக் கூட்டமேனும் வைப்போம். இதற்கு அதுவும் இல்லை. எல்லாக் கட்டுப்படுத்திகளும் இவ்வாறு செய்வதில்லை. சிலவற்றில் வந்தவரே நிலையாகிவிட, புதிதாகப் பூட்டப்படுவது காத்திருக்கத் தொடங்கும். இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை. மாற்றுத் தட்டு, நீங்கியதன் அளவு அல்லது அதனிற் பெரியதாக இருத்தல் மட்டும் வேண்டும்.

பணம் தந்த பெரியோருக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இவ்வேற்பாடு தட்டொன்று மாய்வதிலிருந்து மட்டுமே காக்கும். எவரேனும் ஒரு படத்தைத் தவறாக அழித்தால், நான்கு தட்டும் ஒத்துழைத்து அதனை உடனே அழித்துவிடும். கூரை ஒழுகினால் ஐந்தும் நனையும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் இருந்தன. தீயின் முன் அலுமாரிகள் எத்தனை என்பது கணக்கில் வாராது. ஆகவே பிரதிகள் இப்பொழுது வாரந்தோறும் எடுக்கப்பட்டு, ஒன்று கொழும்பிலும் ஒன்று கடல் கடந்தும் வைக்கப்படுகின்றன. காத்திருப்புத் தட்டு அவற்றுக்குப் பதிலாகாது. அவையும் அதற்குப் பதிலாகமாட்டா. தொலைவிலுள்ள பிரதியை மீட்டெடுக்க நாட்கள் செல்லும். அதிலும் இன்று காலை வருடியது இராது.

பிரதியாக மறுத்த அந்தக் கோப்பு, 1958ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் குழுவின் நிழற்படம். துளை விழுந்த இடம் சில ஆயிரம் எழுத்துக்களின் அளவுதான். ஆனால் படத்தைச் சுருக்கி எழுதும் முறையில் ஓரிடம் கெட்டால் அதற்குக் கீழ் உள்ளவை யாவும் கெடும். பின்வரிசையில் நிற்கும் எண்மரின் முகங்கள் தெளிவாக உள. அவர்தம் மார்புக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். முன்வரிசையில் அமர்ந்திருந்த எழுவரும், குழுத்தலைவரும் பயிற்றுநரும் உட்பட, இல்லை. படத்தின் முதுகை நாம் வேறாக வருடியிருந்தோம். அது பழுதின்றி இருக்கின்றது. மையால் எழுதிய பதினைந்து பெயர்களும் அதில் உள. மூலப்படத்தை வைத்திருந்த குடும்பத்தார் வீடு மாறியபோது அஃது எந்தப் பெட்டியிற் போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

அக்குழுவில் விளையாடியோரிடமோ அவர்தம் மக்களிடமோ அப்படத்தின் வேறு பிரதி இருத்தல் கூடும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பின் கழற்றவேண்டியதில்லை. நாமே வந்து படமெடுத்துக்கொள்வோம். கொண்டுவர இயன்றோர், வார நாட்களிற் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் காப்பறைக்கு வரலாம். வருடிய கையோடு, அன்றே மூலம் திருப்பித் தரப்படும்.